தமிழ் வந்துசேரும் முன் நிற்கும் கணினி: விலையில்லா மடிக்கணினிகளும் திறமூல இயங்குதளத்தின் தொடக்கப் பழுதுகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளமும் மாணவர் கைக்கு வந்தது. அவ்வியங்குதளம் தொடங்காமல் நின்றுவிடும் பழுதுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பழுதறியும் படிகள், கணினித் தொடக்க முறை 1981 முதல் வளர்ந்துவந்த அடுக்குகளை ஒத்துள்ளன என்பதை முதலில் நிறுவுகிறது. தமிழாக்க முயற்சிகள் இயங்குதளம் தொடங்கிய பின்னர்த் தோன்றும் திரையையே இலக்காகக் கொண்டமையால், பழுது நிகழும் இடம் தமிழுக்கு வெளியே நின்றுவிட்டது என்பதை அடுத்து விளக்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவை, சத்தியமங்கலம் போன்ற மலையடிவார ஊரின் நிலையிலிருந்து மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: திறமூல இயங்குதளம், பாஸ் லினக்ஸ், விலையில்லா மடிக்கணினி, தொடக்க ஏற்றி, பாதுகாப்புத் தொடக்கம், தமிழ்க் கணிமை, சத்தியமங்கலம்.

1. முன்னுரை

மடிக்கணினி பழுதுபட்டால் கொங்கு வட்டாரத்தில் கடைக்காரரிடம் சொல்லப்படும் முதல் வாக்கியம் ‘ஆன் ஆகலைங்க’ என்பதே. இவ்வொரு வாக்கியத்துள் குறைந்தது நான்கு வேறு பழுதுகள் அடங்குகின்றன. மின்சாரமே செல்லாத நிலை ஒன்று. மின்சாரம் சென்றும் இயங்குதளம் கண்டறியப்படாத நிலை இரண்டாவது. கண்டறிந்தும் அனுமதி மறுக்கப்படும் நிலை மூன்றாவது. அனுமதி கிடைத்தும் திரை இருண்டு நிற்கும் நிலை நான்காவது. திறமூல இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் மிகுதியும் சந்திப்பவை பின்னைய மூன்றுமாகும்.

தமிழ்க் கணிமை வரலாறு எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம், கலைச்சொல், இடைமுகத் தமிழாக்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளது. மின்விசை அழுத்தப்பட்ட நொடிக்கும் முதல் தமிழ் எழுத்து திரையில் தோன்றும் நொடிக்கும் இடைப்பட்ட காலம் அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. அது சில நொடிகளே நீடிக்கும் காலம். எனினும், ஒரு மாணவர் தம் கணினியில் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்த இயலும் என்பது அங்கேதான் முடிவாகிறது. அரசு வழங்கிய இரண்டாவது இயங்குதளம் பல மடிக்கணினிகளில் ஏன் நிலைக்க இயலாமற் போனது என்ற வினாவுக்கு அவ்விடைக்காலத்தின் அமைப்பிலும் விடை தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. தமிழகத்தில் திறமூல இயங்குதளம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கர்னலும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் மென்பொருள்களும் இணைந்தே இன்று பொதுவாக லினக்ஸ் எனப்படும் இயங்குதளங்கள் உருவாயின. தமிழக அரசுத் துறையில் இவற்றின் நுழைவை மூன்று கட்டங்களாகப் பகுக்கலாம்.

முதற்கட்டம் எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணுக் கழகத்தின் மாற்றம். சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில், அலுவலகக் கணினிகள் சூசே லினக்சுக்கு மாற்றப்பட்டன. இம்மாற்றம் நிறுவன எல்லைக்குள் நிகழ்ந்தது. பழுது நேர்ந்தால் பார்ப்பதற்குத் தொழில்நுட்பப் பணியாளர் அந்நிறுவனத்திலேயே இருந்தனர்.

இரண்டாம் கட்டம் பாஸ் லினக்ஸ். கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சென்னையில் தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. அம்மையத்தின் வழியே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சின் முதற்பதிப்பு 2007 ஜனவரியில் வெளியானது. டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட இது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகத்தை வழங்கியது.

மூன்றாம் கட்டம் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா இதனைத் தொடங்கிவைத்தார். எல்காட் கொள்முதல் செய்ய, சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை ஒருங்கிணைத்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. விண்டோசும் பாஸ் லினக்சும் ஒரே வன்வட்டில் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினி தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திரையில் தோன்றும்.

முதலிரு கட்டங்களுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. பழுது பார்க்கும் பொறுப்பும் இங்கே இடம் மாறியது. அலுவலகத்தில் பணியாளரிடம் இருந்த அப்பொறுப்பு, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடமும் அவர் ஊரிலுள்ள கணினிக் கடையிடமும் வந்துசேர்ந்தது.

3. முதல் அடுக்கு: 512 பைட்டுக்குள் ஒரு வாயில்

ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனிநபர் கணினியில் பயாஸ் என்னும் நிலைபொருள் இருந்தது. மின்சாரம் வந்ததும் அது நினைவகம், விசைப்பலகை போன்றவற்றைச் சோதித்துவிட்டு, வட்டின் முதற்பிரிவிலுள்ள நிரலை ஏற்றி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். வன்வட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய 1983இல் இம்முதற்பிரிவு நிலையான வடிவம் பெற்றது. அதன் அளவு 512 பைட்டு. அதில் 446 பைட்டு தொடக்க நிரலுக்கும், 64 பைட்டு வட்டுப் பகுப்பு அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டு அடையாளக் குறிக்கும் உரியவை. அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுப்புகளுக்கே இடமுண்டு.

இவ்வடிவம் ஒரு கணினிக்கு ஓர் இயங்குதளம் என்ற வழக்கத்துக்குப் பொருந்தியது. இரண்டு இயங்குதளங்கள் இருப்பின் அந்த 446 பைட்டு எதற்குரியது என்ற போட்டி எழுகிறது. வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992இல் எழுதிய லிலோவும், எரிக் போலின் 1995இல் தொடங்கிய கிரப்பும் இப்போட்டியைத் தீர்க்கப் பிறந்த தொடக்க ஏற்றிகள். கிரப் மூன்று துண்டுகளாக அமர்கிறது. முதல் துண்டு 446 பைட்டுக்குள்ளும், இரண்டாம் துண்டு முதற்பிரிவுக்கும் முதற்பகுப்புக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலும், எஞ்சிய கோப்புகள் லினக்சின் பகுப்பிலும் இருக்கும்.

இவ்வமைப்பை அறிந்தால் பயாஸ் காலத்து மடிக்கணினிகளில் நேரும் இரு முதன்மைப் பழுதுகளின் காரணம் விளங்கும்.

முதலாவது, விண்டோசை மீண்டும் நிறுவும்போது நேர்வது. விண்டோஸ் நிறுவி முதற்பிரிவில் தன் நிரலை எழுதிவிடுகிறது. கிரப்பின் முதல் துண்டு அழிவதால் தேர்வுப் பட்டியல் மறைகிறது; கணினி நேரே விண்டோசுக்குச் செல்கிறது. லினக்சின் பகுப்பும் அதிலுள்ள கோப்புகளும் அப்படியே இருக்கும். ஆனால் அவற்றுக்குச் செல்லும் வழி இராது.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. வட்டில் இடம் போதவில்லை எனக் கருதும் மாணவர், விண்டோசில் பெயரின்றித் தோன்றும் பகுப்பை வெற்றிடம் எனக் கருதி நீக்கிவிடுகிறார். நீக்கப்பட்டது லினக்சின் பகுப்பு. கிரப்பின் முதலிரு துண்டுகள் எஞ்சியிருந்து, மூன்றாவதைத் தேடிக் காணாமல் ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற சொற்களோடு நிற்கின்றன. இந்நிலையில் விண்டோசும் தொடங்காது. லினக்சைத் தாம் ஒருநாளும் திறந்து பார்க்காத மாணவருக்கும், கணினியைக் கெடுத்தது லினக்ஸ்தான் என்ற எண்ணம் இங்கிருந்து பிறக்கிறது.

முதற்பழுதுக்குத் தீர்வு, பென் டிரைவிலிருந்து லினக்சைத் தொடங்கி, வட்டிலுள்ள லினக்சின் பகுப்பைக் கண்டறிந்து, கிரப்பை மீண்டும் நிறுவுதல். இரண்டாவதில் லினக்ஸ் பகுப்பு இல்லாமற் போயிருந்தால், விண்டோசின் மீட்பு வட்டைக் கொண்டு முதற்பிரிவைத் திருத்தி எழுதினால் போதும். பகுப்பு நீங்காமல் அதன் எண் மட்டும் மாறியிருந்தால், அந்தக் கறுப்புத் திரையிலேயே பகுப்புகளைப் பட்டியலிட்டுச் சரியான எண்ணைக் குறிப்பிட்டுத் தொடங்கலாம். இவற்றுள் எதுவும் மாணவரின் கோப்புகளை அழிக்க வேண்டிய பணி அன்று.

4. இரண்டாம் அடுக்கு: வாயில் கோப்பாக மாறுதல்

இன்டெல் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் தன் இட்டேனியம் செயலிக்காக வடிவமைத்த புதிய நிலைபொருள் முறை, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டு யூ.இ.எஃப்.ஐ. எனப் பெயர் பெற்றது. இம்முறையில் தொடக்க ஏற்றி, வட்டின் முதற்பிரிவில் ஒடுங்கியிருக்கும் துண்டாக இல்லாமல், தனிப் பகுப்பொன்றில் சேமிக்கப்படும் கோப்பாகிறது. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிக் கோப்புறை உண்டு. எந்தக் கோப்பை முதலில் ஏற்றுவது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதிவாகிறது.

ஒன்றையொன்று அழிக்கும் பழைய போட்டியை இது பெருமளவு குறைத்தது. மாறாக வேறு வகைப் பழுதுகளைத் தந்தது. மாறுதல் காலத்தில் வந்த மடிக்கணினிகள் பழைய பயாஸ் முறையையும் புதிய முறையையும் ஒருங்கே ஏற்றன. விண்டோஸ் புதிய முறையில் நிறுவப்பட்டிருக்க, பென் டிரைவ் பழைய முறையில் தொடங்கினால், லினக்ஸ் முறையாக நிறுவப்பட்டும் தேர்வுப் பட்டியலில் இடம்பெறாது. நிறுவல் வெற்றி என்ற செய்தி வந்த பின்னும் இயங்குதளம் காணாமற் போகும் புதிர் இவ்வாறு எழுகிறது. விண்டோசின் பெரிய புதுப்பித்தலுக்குப் பின் தொடக்க வரிசை மாறிவிடுவதும் உண்டு. அப்போது லினக்ஸ் அழிந்துவிட்டதாகத் தோன்றினாலும், நிலைபொருள் அமைப்புத் திரையில் வரிசையை மாற்றினாலே அது மீண்டுவிடும்.

வரலாற்று நோக்கில் இங்கு ஒன்று கருதத்தக்கது. பயாஸ் காலத்துப் பழுதுக்குக் காரணம் வட்டில் இருந்தது. யூ.இ.எஃப்.ஐ. காலத்துப் பழுதுக்குக் காரணம் ஓரளவு தாய்ப்பலகைக்கு இடம்பெயர்ந்தது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் பார்த்துப் பழுதறியும் கடைவழக்கம் இங்கே போதாமலாயிற்று.

5. மூன்றாம் அடுக்கு: சாவி யாரிடம்

யூ.இ.எஃப்.ஐ. விதிமுறையின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்புத் தொடக்கம் உறுதியான வடிவம் பெற்றது. இதன்படி, தாய்ப்பலகையில் பதிந்துள்ள சாவிகளுள் ஒன்றால் கையொப்பமிடப்பட்ட தொடக்க ஏற்றி மட்டுமே ஏற்றப்படும். இயங்குதளத்துக்கு முன்னரே புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுப்பது இதன் நோக்கம். நோக்கம் நியாயமானதே. சிக்கல், யாருடைய சாவி தாய்ப்பலகையில் இருக்கும் என்பதில் எழுந்தது.

விண்டோஸ் 8க்கான சான்று பெற இந்த ஏற்பாடு இயக்கப்பட்ட நிலையிலேயே கணினிகள் விற்கப்பட வேண்டும் என மைக்ரோசாஃப்ட் விதித்தது. இதனால் லினக்ஸ் தொடங்க இயலாது போகும் வாய்ப்பினை, அப்போது ரெட் ஹாட்டில் பணியாற்றிய மேத்யூ கேரட் 2011 செப்டம்பரில் எடுத்துரைத்தார். தமிழக மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் அதே மாதம்தான். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை எனினும், பின்னாளில் ஒரே கணினியில் சந்தித்தன.

கேரட் 2012 இறுதியில் ஷிம் என்னும் சிறு நிரலை வெளியிட்டார். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற அந்நிரல் முதலில் ஏறி, பின்னர்க் கிரப்பின் கையொப்பத்தைத் தானே சரிபார்த்து ஏற்றும். உபுண்டு 12.10, ஃபெடோரா 18 ஆகியவை விரைவில் இவ்வழியை ஏற்றன. டெபியன் 2019 ஜூலையில் வெளியான 10ஆம் பதிப்பில்தான் ஏற்றது. பாஸ் லினக்ஸ் டெபியனின் வழித்தோன்றல் என்பதால் இந்த ஆண்டுக்கணக்கு தமிழகத்துக்கு நேரடித் தொடர்புடையது. ஏறத்தாழ ஏழாண்டுக் காலம், டெபியன் வழியில் வந்த இயங்குதளத்தைப் புதிய கணினியில் நிறுவ விரும்பியவர், முதலில் பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அந்நிறுத்த வாய்ப்பைப் பயனருக்கு அளிக்க வேண்டும் என்ற விதியும் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது தளர்ந்து, கணினி உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஷிம் வந்த பின்னும் வாயிலின் அதிகாரம் ஓரிடத்திலேயே இருந்தது என்பதை 2024 ஆகஸ்டு நிகழ்வு காட்டியது. அம்மாதம் 13ஆம் நாள் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பித்தல், பலவீனம் கண்டறியப்பட்ட பழைய தொடக்க ஏற்றிகளை மறுக்கும் பதிவைத் தாய்ப்பலகையில் எழுதியது. இரட்டை இயங்குதளக் கணினிகளில் இது செயற்படாது என அறிவிக்கப்பட்டிருந்தும், உலகெங்கும் அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. மறுநாள் கணினியைத் திறந்தவர், ஏதோ பெரும் தவறு நேர்ந்துவிட்டது என்ற பொருளுடைய ஆங்கிலச் செய்தியைக் கண்டார். அடுத்த நொடி கணினி அணைந்தது. பாதுகாப்புத் தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்சினுள் சென்று அப்பதிவை நீக்கி, மீண்டும் இயக்குவது வழிமுறையாயிற்று. முறையான திருத்தம் 2025 மே மாதப் புதுப்பித்தலில் வந்தது.

இவ்வழிமுறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்டோசின் பகுப்பு பிட்லாக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்திய உடனே விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி வழக்கமாகப் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் யாரோ உருவாக்கித் தந்த கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்ட மாணவருக்கு, லினக்சை மீட்கும் முயற்சி விண்டோசிலுள்ள கோப்புகளின் இழப்பாக முடியக்கூடும். எனவே இன்று பழுதறியும் வரிசையில் முதற்படி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்வதாகும். பயாஸ் காலத்தில் இப்படி ஒரு படியே இருந்ததில்லை.

6. வாயில் கடந்த பின்

தொடக்க ஏற்றி தன் பணியை முடித்துக் கர்னலிடம் பொறுப்பை ஒப்படைத்த பின்னும் கணினி நிற்கலாம். திரை இருண்டு, விசிறி மட்டும் சுழலும் நிலை பெரும்பாலும் வரைகலைச் செயலிக்கான இயக்கி பொருந்தாததால் நேர்வது. கிரப் பட்டியலில் கர்னல் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கினால், பொதுவான எளிய வரைகலை முறையில் திரை ஒளிரும். ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லுடன் நிற்குமாயின், வட்டிலுள்ள கோப்பு முறைமை சிதைந்திருக்க வாய்ப்பு மிகுதி. கணினியை முறையாக அணைக்காமல் மின்கலம் தீர்ந்துபோவது இதற்குப் பொதுவான காரணம். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் நிரலை இயக்கினால் பலவேளை மீண்டுவிடும். அதே பழுது சில நாள்களில் திரும்பி வந்தால் வட்டு தேய்ந்துவருகிறது எனக் கொண்டு, கோப்புகளைப் படியெடுத்துவிட வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், திரையில் நிற்கும் செய்தி எந்தக் காலத்து அடுக்கில் பழுது உள்ளது என்பதைக் காட்டிவிடுகிறது எனலாம். தொடங்கத்தக்க வட்டு இல்லை என்ற செய்தி நிலைபொருளுடையது. கிரப் ரெஸ்கியூ தொடக்க ஏற்றியுடையது. கையொப்பம் அல்லது பாதுகாப்புக் கொள்கை பற்றிய செய்தி 2012க்குப் பிந்தையது. இனிட்ராம்எஃப்எஸ் கர்னல் ஏறிவிட்டதற்குச் சான்று. செய்தியை வாசிக்கத் தெரிந்தவர் பழுதின் பாதியை அறிந்தவராகிறார். எனவே அச்செய்தி எம்மொழியில் உள்ளது என்பது ஆய்வுக்குரிய வினாவாகிறது.

7. தமிழ் எங்கே தொடங்குகிறது

விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு ஓராண்டு முன், 2010 ஜூனில், கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. உடன் தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தது. அரசின் தமிழ்க் குறியேற்றத் தரமாக ஒருங்குறி ஏற்கப்பட்டதும் அப்போதுதான். தமிழ் 99 விசைப்பலகைக்கு வழிவகுத்த 1999 சென்னை மாநாடு தொடங்கிப் பதினோராண்டு உழைப்பின் பயன் அது. எனவே 2011இல் வந்த மடிக்கணினியில் தமிழில் எழுதவும் படிக்கவும் தடையில்லை. பாஸ் லினக்சில் பட்டியல்களையும் தமிழில் காண இயன்றது.

இவ்வளவும் இயங்குதளம் முழுமையாகத் தொடங்கிய பின்னர்க் கிடைப்பவை. பயாசின் எழுத்துத் திரை 256 குறிகளைக் கொண்ட அட்டவணையில் இயங்குவது. அதில் உரோமன் எழுத்துகளும் கோட்டுருக்களும் இடம்பெற்றன. கிரப்பின் இரண்டாம் பதிப்பு ஒருங்குறி எழுத்துருக்களை ஏற்க வல்லது. எனினும், தமிழை முறையாகக் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. ‘கொ’ என்ற உயிர்மெய்யில் உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் அமைய வேண்டும். இதனைச் செய்யும் எழுத்தமைப்புப் பொறி இயங்குதளத்தின் வரைகலை அடுக்கில் உள்ளது, தொடக்க ஏற்றியில் இல்லை. ஆகவே மின்விசை முதல் கர்னல் வரை கணினி பேசுவது ஆங்கிலம் மட்டுமே. அந்த ஆங்கிலமும் பாடநூல் ஆங்கிலமாக இல்லாமல், நிரலாளர் தமக்குள் வழங்கும் சுருக்கக் குறிப்பாக உள்ளது.

தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு இதன் பொருள் தெளிவு. எல்லாம் சீராக இருக்கும்போது கணினி தமிழில் பேசும். உதவி தேவைப்படும் நொடியில் தமிழ் இராது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தண் தொடக்கம், உடன் தொடக்கம் என்னும் கலைச்சொற்களை அறிமுகம் செய்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பையும் கற்பிக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். வரையறையாகக் கற்ற தொடக்கத்தை, நின்றுபோன திரையின் முன் பயன்படுத்தும் அறிவாக மாற்றும் பாலம் அடுத்த தேவையாகிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி இத்தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்துவருகிறது. ஆயினும், தொடங்காத கணினியைக் கொண்டு மின்னிதழைப் படிக்க இயலாது.

அண்டை மாநிலமான கேரளத்தின் பட்டறிவு இங்கு ஒப்பிடத்தக்கது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அப்பத்தாண்டுக்குள்ளாகவே பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்குக் கணினிகள் பள்ளியின் ஆய்வகத்தில் இருந்தன. ஆசிரியர்களுக்கு நிறுவலும் பழுதுநீக்கமும் பயிற்றுவிக்கப்பட்டன. தேர்வும் அதே இயங்குதளத்தில் நடந்தது. தமிழகம் கணினியை மாணவருக்கே உடைமையாக்கியது. உடைமை என்ற அளவில் தமிழகத் திட்டம் ஒரு படி முன்னே நிற்கிறது. பழுதுநீக்க அறிவைக் கணினியோடு சேர்த்து வழங்கியதில் கேரளம் முன்னே நிற்கிறது.

8. சத்தியமங்கலத்திலிருந்து நோக்குதல்

ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலம், பவானி ஆற்றங்கரையில் அமைந்த மலையடிவார ஊர். இதன் வடக்கே பண்ணாரியைக் கடந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆசனூரும் தாளவாடியும் வரும். மற்றொரு திசையில் கடம்பூர் மலை. பழங்குடியினரும், தமிழோடு கன்னடம் பேசும் மக்களும் வாழும் பகுதி இது. இம்மலையூர்களின் மாணவர் பலருக்கு மடிக்கணினியே வீட்டின் முதல் கணினி. அது நின்றுபோனால், அடிவாரத்துக்குப் பேருந்தில் இறங்கிக் கடையில் கொடுத்து, மீண்டும் ஒருநாள் வந்து பெற வேண்டும். பழுதுக்கூலியோடு பயணச் செலவும் இரு நாள் வகுப்பும் சேர்கின்றன.

கடையின் நிலையும் புரிந்துகொள்ளத்தக்கது. ஒரு கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டால் கடைக்குக் கட்டாது. ‘ஃபார்மேட் அடித்து ஓ.எஸ். போடுவது’ என்பது எல்லா அடுக்குப் பழுதையும் ஒரே வழியில் தீர்ப்பது, விலை சொல்ல எளிது, முடிவு உறுதியானது. கிரப்பை மீண்டும் நிறுவுவது பத்து நிமிடப் பணி எனினும், பழுது எந்த அடுக்கில் உள்ளது என்று அறியும் வரை எவ்வளவு நேரமாகும் எனக் கூற இயலாது. எனவே வட்டு முழுவதும் அழிக்கப்பட்டு விண்டோஸ் மட்டும் நிறுவப்படுகிறது. அரசு வழங்கிய இரண்டாவது இயங்குதளம், எவரும் அதனை வேண்டாம் என முடிவு செய்யாமலேயே, அந்தக் கணினியிலிருந்து நீங்கிவிடுகிறது. அதனுடன் மாணவரின் குறிப்புகளும் நிழற்படங்களும் படியெடுக்கப்பட்ட சான்றிதழ்களும் நீங்குகின்றன. திறமூல இயங்குதளத்தை மாணவர் விரும்பவில்லை என்ற பொதுக்கருத்தை ஏற்குமுன், விரும்புவதற்கு முன்பே அது அழிந்த கணினிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்சைப் பரிந்துரைத்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11க்கு வேண்டிய டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலி ஆகியவை திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் இல்லை. தம்பி தங்கையர் கைக்கு மாறி இன்னும் இயங்கும் அத்தகைய கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தலுடன் கூடிய இயங்குதளம் வேண்டுமெனில், லினக்சே நடைமுறை வழி. அவை பயாஸ் காலத்தவை என்பதால் சாவிச் சிக்கலும் அவற்றுக்கு இல்லை.

சற்றுப் பிந்தைய கணினிகளுக்கு வேறொரு காலக்கெடு உள்ளது. ஷிம் நிரலுக்குக் கையொப்பமிடப் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ், 2026 ஜூனுடன் முடியுமாறு வழங்கப்பட்டது. முன்னரே கையொப்பமான ஏற்றிகள் தொடர்ந்து இயங்கும். 2023ஆம் ஆண்டுச் சான்றிதழால் மட்டும் கையொப்பமாகும் புதிய ஏற்றிகள், அச்சான்றிதழைப் பெறாத பழைய தாய்ப்பலகையில் ஏறமாட்டா. அந்நிலையில் நிலைபொருளைப் புதுப்பிக்கவோ பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்தவோ தெரிந்தவர் தேவைப்படுவார். 2025 மார்ச்சில் அளிக்கப்பட்ட தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை, ஈராண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. புதிய தலைமுறைக் கணினிகள் மூன்று அடுக்குகளையும் சுமந்தே வருகின்றன.

9. நிறைவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• திறமூல இயங்குதளம் தொடங்காமையைத் தனித்தனிப் பிழைகளின் தொகுதியாகக் காண்பதினும், பயாஸ், தொடக்க ஏற்றி, யூ.இ.எஃப்.ஐ., பாதுகாப்புத் தொடக்கம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரலாற்று அடுக்குகளின் வெளிப்பாடாகக் காண்பது பழுதறிவதற்கும் ஆய்வுக்கும் துணைசெய்கிறது.

• தொடக்கத்தை முடிவு செய்யும் அதிகாரம் வட்டிலிருந்து தாய்ப்பலகைக்கும், அங்கிருந்து சாவி வழங்கும் நிறுவனத்துக்கும் படிப்படியாக நகர்ந்துள்ளது. டெபியன் வழிப்பட்ட பாஸ் லினக்ஸ் இந்நகர்வின் தாக்கத்தை நீண்டகாலம் ஏற்க நேர்ந்தது.

• தமிழாக்கம் எட்டாத இடத்திலேயே இப்பழுதுகள் நிகழ்கின்றன. திரையைத் தமிழாக்குவது தொழில்நுட்ப நோக்கில் கடினமெனில், திரைக்கு வெளியே தாளில் தமிழாக்கலாம். திரையில் காணும் ஆங்கிலச் செய்தி, அதன் பொருள், முதலில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என நான்கு பத்தியில் அமைந்த ஓர் அச்சுத்தாள் கணினிப் பெட்டியோடு வழங்கத்தக்கது. அதில் முதல் வரியாக, கோப்புகளைப் படியெடுக்காமல் வட்டை அழிக்க இசையாதீர் என்பது இடம்பெற வேண்டும்.

• வட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியிலேனும் மீட்புப் பென் டிரைவும் அதனைக் கையாளப் பயின்ற ஆசிரியரும் இருப்பின், தாளவாடி மாணவர் 27 வளைவுகள் இறங்க வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

தமிழ்க் கணிமை வரலாறு எழுத்துரு ஒளிர்ந்த நொடியிலிருந்து எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கு முந்தைய சில நொடிகளையும் அவ்வரலாற்றில் சேர்த்துக்கொண்டால், ஒரு கொள்கை அறிவிக்கப்பட்டதற்கும் அது மாணவர் மேசையில் இயங்கியதற்கும் இடைப்பட்ட தொலைவை அளக்க இயலும். வட்டார அளவில் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பழைய பயனாளிகள் ஆகியோரின் வாய்மொழிப் பட்டறிவைத் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க ஆய்வாகும். அக்கணினிகள் முற்றிலும் பழுதடைந்து எடைக்குப் போவதற்குள் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.